இடது ஷூ

பத்தூமியில் மழைக்குப் பருவம் கிடையாது.
கருங்கடல் நினைத்தால் பெய்யும்.
மூன்றாம் மாடி, ஆண்கள் பிரிவு.
இரவுப் பணிக்கு நான் வந்தபோது
ஏழாம் படுக்கை ஓத்தாரின் ஏட்டில்
டாக்டர் எழுதியிருந்தார்: நல்ல முன்னேற்றம்.

உண்மைதான்.
ஐந்து வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்
இன்று தாடியை மழித்திருந்தார்.
கிண்ணத்தை வழித்து சூப் குடித்தார்.
தரை துடைக்கும் நோனாவுக்கு நன்றி சொன்னார்,
பேரைச் சொல்லி.
மாத்திரைத் தட்டோடு நின்ற என்னிடம்
"உன் கைகள் எப்போதும் சூடு, லமாரா" என்றார்.
எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான்,
அடுத்த இரண்டு கட்டிலைத் தாண்டும் வரை.

ஒன்பதாம் படுக்கைப் பையனின் மடியில்
ஓத்தாரின் நார்டிப் பலகை.
வால்நட் மரம், மூலையில் மனைவியின் பெயர்.
துறைமுகத்தில் முப்பது வருடம்
கிரேன் கூண்டுக்கு அவரோடு ஏறி இறங்கிய பலகை.
"வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார்" என்றான்,
பகடையை உருட்டியபடி.

வயிற்றில் ஏதோ இறங்கியது.
பாடநூல் இதை வயிறு என்று எழுதாது,
கவனிப்பு, ஒப்பீடு, முடிவு என்று
கட்டம் போட்டுக் காட்டும்.
எனக்கு வயிற்றில்தான் தொடங்குகிறது.
பிறகுதான் கூட்டிப் பார்க்கிறேன்:
மழித்த தாடி. வழித்த கிண்ணம். நன்றி. பலகை.
கயிறு அவிழ்த்த கப்பலும்
அசையாமல்தான் நிற்கும், கொஞ்ச நேரம்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்,
முகத்துக்கு நேரே அல்ல, சற்றுப் பக்கவாட்டில்,
இருவரும் ஒரே ஜன்னலைப் பார்க்கும்படி.
'ஏன்' நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.
ஏன் என்பது காவல் நிலையத்துச் சொல்.
'எல்லாம் சரியாகிவிடும்' அதன் பின்னாலேயே வந்தது.
அந்த வாக்கியத்தை மனானாவிடம் சொன்னேன்,
வேலைக்குச் சேர்ந்த புதிதில்.
அதோடு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.
மனானாவைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

"மேசையில் பலகையைக் காணோம்" என்றேன்.
மழை.
"பையன் நன்றாக ஆடுகிறான்."
மழை.
மௌனத்தை நிரப்பாதே என்று சொல்லித் தருவார்கள்.
அது சும்மா இருப்பதல்ல,
ததும்பும் குடத்தோடு படியில் நிற்பது.
பிறகு கேட்டேன், சுற்றி வளைக்காமல்,
பசிக்கிறதா என்று கேட்கும் அதே குரலில்:
"ஓத்தார், சாக நினைக்கிறீர்களா?"

கேட்டால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்று
பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பயப்படுவார்கள்.
அவர் தோள்கள் இறங்கியதை
அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.
"கூண்டிலிருந்து மனிதர்கள் வெறும் தொப்பிகள்.
முப்பது வருடத்தில் ஒரு தொப்பியும் அண்ணாந்ததில்லை."
பிறகு, "ஆமாம்."
"இன்றைக்கா?"
தலை அசைந்தது.
"யாரிடமும் சொல்லாதே."

பொய் சொல்லியிருக்கலாம். எளிதாக இருந்திருக்கும்.
"டாக்டரைக் கூப்பிடப் போகிறேன்.
இங்கேயே இருந்து, உங்கள் காதில் விழும்படி."
துறைமுகத்துக்காரருக்கு வசவுக்கா பஞ்சம்?
அத்தனையும் வாங்கிக்கொண்டேன்.

கட்டில் எங்கள் மேசைக்கு எதிர் அறைக்கு மாறியது.
முதல் மூன்று நாள் பக்கத்திலேயே ஒருவர்.
அப்புறம் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
கதவு, முகம், மூச்சு, கையெழுத்து.
என்னோடு ஒரு சொல் இல்லை.
மாத்திரையைக்கூட
நோனா துடைப்பத்தோடு நின்றால்தான் வாங்கினார்.

பன்னிரண்டாம் இரவு, மூன்றே கால் சுற்று.
இருட்டிலிருந்து:
"உன் இடது ஷூ கிறீச்சிடுகிறது."
"தெரியும். சம்பளம் வந்ததும் மாற்ற வேண்டும்."
நெடுநேரம் ஒன்றுமில்லை.
கையெழுத்துப் போட்டுத் திரும்பினேன்.
"மாற்றாதே. அது வரும்வரை
எண்ணிக்கொண்டு கிடக்கிறேன்."

ஏட்டில் எழுதினேன்:
விழித்திருக்கிறார். பேசினார்.
முன்னேற்றம் என்று எழுதக் கை போய்
நின்றுவிட்டது.

காலையில் துறைமுகச் சாலையில் நடந்தேன்.
ஷூவுக்குள் மழை.
யாருடைய சரக்கையோ தூக்கிக்கொண்டு
கிரேன் சுழன்றது.
அண்ணாந்து பார்த்தேன்.
கூண்டில் விளக்கு எரிந்தது.
ஆள் தெரியவில்லை.